வயிற்றில் ஒன்று, மடியில் ஒன்று: மூத்ததுக்குப் பால் கொடுக்கலாமா?

என் தங்கைக்கு நாள் தள்ளிப்போனபோது மூத்தவளுக்கு ஒன்றரை வயது. விஷயம் தெரிந்ததும் அப்பத்தா கேட்ட முதல் கேள்வியே, "இவளுக்கு இன்னும் பால் குடுக்குறியா?" என்பதுதான். தங்கை தலையாட்டினாள். "மொதல்ல மறக்கடி. வயித்துல இருக்குறதுக்கும் ஆகாது, இதுவும் சவலை பாஞ்சிரும்." மறுநாள் காலை கட்டில் ஓரத்தில் வேப்பெண்ணெய்க் கிண்ணம் வந்து உட்கார்ந்துவிட்டது. தடவியும் பார்த்தார்கள். குழந்தை முகர்ந்து பார்த்து முகத்தைச் சுளித்தாள். அப்புறம் அம்மாவின் நைட்டி நுனியாலேயே துடைத்துவிட்டுக் குடித்தாள்.

அந்த வாரத்தில் இரண்டு டாக்டர்களைப் பார்த்தார்கள். ஒருவர் உடனே நிறுத்தச் சொன்னார். இன்னொருவர், பிரச்சினை ஒன்றும் இல்லையென்றால் தொடரலாம் என்றார். அப்பத்தா ஒரு பக்கம், டாக்டர்கள் ஆளுக்கொரு பக்கம். ஏன் இவ்வளவு குழப்பம் என்று தேடிப் படித்ததில் எனக்குக் கிடைத்தவைதான் இந்தக் கட்டுரை. அதில் என்னை அதிகம் பிடித்து நிறுத்தியது, அப்பத்தா சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போன அந்த ஒரு சொல்.

சவலை. அம்மா மறுபடி உண்டானதால் போதிய தாய்ப்பால் கிடைக்காமல் மெலிந்துபோன குழந்தையைத்தான் சவலைப் பிள்ளை என்கிறோம். இதற்கென்றே தனிச்சொல் வைத்திருக்கிறோம் என்றால், எத்தனை வீடுகளில் எத்தனை தலைமுறையாக இதைப் பார்த்திருப்பார்கள்! யாப்பிலக்கணக்காரர்கள்கூட இந்தச் சொல்லை எடுத்துக்கொண்டார்கள். இரண்டாம் அடியில் தனிச்சொல் இல்லாமல் குறைந்து நிற்கும் நாலடி வெண்பாவுக்குப் பெயர் சவலை வெண்பா. வரவேண்டியது வராமல் மெலிந்த பாட்டு.

தமிழுக்கு மட்டும் உரிய கவலையும் இல்லை இது. ஆயுர்வேதத்தில் 'பாரிகர்பிகம்' என்று ஒரு நோய் உண்டு. கர்ப்பிணியான தாயின் பாலைக் குடித்துவரும் குழந்தைக்கு இருமல், செரியாமை, வாந்தி, சோர்வு, மெலிவு, வயிறு பெருத்தல் எல்லாம் வரும் என்று வாக்படர் எழுதிவைத்திருக்கிறார். கை கால் மெலிந்து வயிறு மட்டும் பெருத்த குழந்தை என்பதை இங்கே நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கொஞ்ச நேரத்தில் திரும்பி வருவோம். பழைய அரேபியாவிலும் இந்த அச்சம் இருந்தது. பாலூட்டும் காலத்தில் மனைவியுடன் கூடுவதைத் தடுக்க நினைத்த நபிகள் நாயகம், ரோமர்களும் பாரசீகர்களும் அவ்வாறு செய்தும் அவர்கள் பிள்ளைகளுக்குக் கேடு வரவில்லை என்பதைக் கவனித்து, தடை விதிக்காமல் விட்டார் என்று ஒரு நபிமொழி உண்டு. ஊர் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளாமல், செய்கிறவர்களைப் பார்த்து முடிவெடுத்த விதம் எனக்குப் பிடித்திருந்தது.

இனி மேற்கு ஆப்பிரிக்காவுக்குப் போகலாம். இன்று கானா என்று அழைக்கப்படும் நாடு அப்போது பிரிட்டிஷ்காரர்களின் தங்கக் கடற்கரை. ஜமைக்காவில் பிறந்த சிசிலி வில்லியம்ஸ் என்ற பெண் மருத்துவர் அங்கே வேலை பார்த்தார். ஒன்று முதல் நாலு வயதுக் குழந்தைகள் கை கால் வீங்கி, தோல் கறுத்து உரிந்து, தலைமுடி செம்பட்டையாகி, அடுத்தடுத்து வந்து செத்துக்கொண்டிருந்தார்கள். மற்றவர்கள் அதற்கு வேறு பெயர் வைத்துக்கொண்டிருந்தபோது, வில்லியம்ஸ் அந்தத் தாய்மார்களிடமே கேட்டார். அவர்கள் பேசிய கா என்ற மொழியில் சொன்ன பெயர் 'குவாஷியோர்கர்'. அடுத்த குழந்தை வரும்போது, இடம் பறிபோன மூத்த குழந்தைக்கு வரும் நோய் என்று பொருள். 1933இல் நோயை விவரித்து எழுதினார், 1935இல் அந்தப் பெயரையே மருத்துவ உலகத்துக்குக் கொடுத்தார். உள்ளூர்ப் பெண்களின் சொல் அப்படியே பாடப்புத்தகத்தில் ஏறியது.

சவலை என்ற சொல்லும் குவாஷியோர்கர் என்ற சொல்லும் கிட்டத்தட்ட ஒரே காட்சியைப் பார்த்துப் பிறந்தவை. வாக்படர் சொன்ன பெருத்த வயிற்றையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். மூன்று ஊர்க்காரர்களும் பார்த்தது உண்மை. ஆனால் காரணம் சொன்னதில்தான் விலகிப்போகிறார்கள். கர்ப்பிணியின் பால் கெட்டுவிடுகிறது, அதைக் குடித்துத்தான் குழந்தை கெட்டது என்று நம் பக்கத்தில் சொன்னார்கள். வில்லியம்ஸ் கண்டது தலைகீழ்: பாலை நிறுத்திவிட்டு, அதற்குப் பதிலாக வெறும் மக்காச்சோளக் கஞ்சியைக் கொடுத்ததால் குழந்தை கெட்டது. (இந்த நோய்க்குப் புரதக் குறைவு ஒன்றே காரணமா என்ற விவாதம் இன்னும் இருக்கிறது. அது வேறு கதை.) பால் கெட்டது என்று நம்பி நிறுத்தினால், நிறுத்தியதால் பிள்ளை மெலியும். மெலிந்ததைக் காட்டி, "பார்த்தியா, நான் சொன்னேன்ல" என்பார்கள். நம்பிக்கை தன்னைத் தானே நிரூபித்துக்கொள்கிறது.

சரி, பாலுக்கு உண்மையில் என்னதான் ஆகிறது?

கர்ப்பத்தின்போது புரொஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் ஏறும். கருவைப் பிடித்துவைப்பது அதன் வேலை. அதே ஹார்மோன் பால் சுரப்பையும் அடக்கிவைக்கும். அதனால் நாலாவது ஐந்தாவது மாத வாக்கில் பெரும்பாலான தாய்மாருக்குப் பால் குறைந்துவிடும். சிலருக்கு அதற்கு முன்பே. சுவையும் மாறும்: லாக்டோஸ் குறைந்து சோடியம் கூடுவதால் இனிப்பு போய் லேசாக உப்புக் கரிக்கும். கர்ப்பத்தின் பிற்பகுதியில் வருவது மெல்ல மெல்லச் சீம்பாலாகவே மாறிவிடும். சீம்பால் லேசாக வயிற்றை இளக்கும், ஆகவே மூத்த குழந்தைக்கு மலம் கொஞ்சம் தண்ணியாகப் போகலாம். 'கெட்ட பால் குடித்து வயிற்றால் போகுது' என்ற பேச்சு இங்கிருந்தும் வந்திருக்கலாம் என்பது என் ஊகம்.

இந்தக் குறைவைக் குழந்தை நம்மைவிட முன்னாலேயே கண்டுபிடித்துவிடும். தங்கைக்கு ஐந்தாம் மாதம் நடந்துகொண்டிருந்தபோது நான் ஊருக்குப் போயிருந்தேன். மத்தியானத் தூக்கத்துக்கு முன் மூத்தவள் குடிக்க வந்தாள். ஒரு நிமிடம் சப்பினாள், தலையைத் தூக்கி அம்மாவைப் பார்த்தாள். மறு பக்கம் போனாள். அங்கேயும் ஒரு நிமிடம். அப்புறம் எழுந்து உட்கார்ந்து, பிஸ்கட் பாக்கெட்டைக் கவிழ்த்துப் பார்த்துச் சொல்வாளே, அதே தோரணையில் "காலி" என்றாள். அழவில்லை. ஆனால் ராத்திரி மறுபடி வந்தாள். பாலுக்காக வந்ததுபோலத் தெரியவில்லை.

இப்படிக் குறையும் பாலைச் சாப்பாட்டால் கூட்ட முடியாது. பூண்டுக் குழம்பு, வெந்தயக் கஞ்சி, அடிக்கடி பால் கொடுத்துப் பார்ப்பது எதுவும் எடுபடாது. கடிவாளம் ஹார்மோன் கையில் இருக்கிறது. அதிலும் பால் ஊறும் என்று சுறாப்புட்டு செய்துகொண்டு வருபவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள்: சுறா போன்ற பெரிய வேட்டை மீன்களில் பாதரசம் அதிகம் சேரும், கர்ப்ப காலத்தில் தவிர்க்க வேண்டிய மீன் வரிசையில் அது முன்னால் நிற்கிறது. மத்தியும் நெத்திலியும் தாராளமாகச் சாப்பிடலாம்.

மாடு வளர்த்த வீட்டில் பிறந்தவர்களுக்கு இதெல்லாம் புதுச்செய்தியாக இருக்க நியாயமில்லை. சினைமாட்டை ஏழாம் மாதம் வரை கறப்பார்கள், கன்று போட இரண்டு மாதம் இருக்கும்போது வற்றவிடுவார்கள். நாம் காலையில் குடிக்கும் காபியில் கணிசமான பங்கு சினைமாட்டின் பால்தான். அதைக் குடித்து யாரும் சவலை பாய்ந்ததாகக் கேள்விப்பட்டதில்லை. அப்பத்தாவிடம் இதைச் சொன்னபோது, "மாடும் மனுசியும் ஒண்ணாடி?" என்று ஒரே போடாகப் போட்டுவிட்டார். நியாயமான கேள்விதான். ஆகவே மனுசிக்கு வருவோம்.

டாக்டர்கள் தயங்கக் காரணம் பால் இல்லை, கருப்பை. குழந்தை சப்பும்போது ஆக்ஸிடோசின் என்ற ஹார்மோன் சுரக்கும். பாலை வெளியே தள்ளுவதும் அதுதான், பிரசவ வலியில் கருப்பையைச் சுருக்குவதும் அதுதான். பிரசவத்தைத் தூண்ட ட்ரிப்பில் ஏற்றுவதும் இதே மருந்து. அப்படியென்றால் பால் கொடுத்தால் வலி வந்துவிடாதா? கேள்வி சரியானதே. ஆனால் ஆக்ஸிடோசின் வந்து தட்டினால் மட்டும் போதாது, கதவு திறக்க உள்ளே அதை வாங்கிக்கொள்ளும் ஏற்பிகள் வேண்டும். கர்ப்பத்தின் பெரும்பகுதி நேரம் கருப்பைத் தசையில் இந்த ஏற்பிகள் குறைவு, புரொஜெஸ்டிரோனும் தசையை அமைதியாக வைத்திருக்கும். மாதம் நிறையும் சமயத்தில்தான் ஏற்பிகள் வேகமாகக் கூடுகின்றன. நிறைமாதத்தில் வாய் இளகத் தொடங்கிய கருப்பைக்கு மார்புத் தூண்டல் பிரசவத்தைக் கொஞ்சம் முன்னுக்குத் தள்ளலாம் என்று ஆய்வுகள் காட்டுகின்றன. அதாவது அந்த பயம் எட்டரை மாதத்துக்குப் பொருந்தும், மூன்று மாதத்துக்குப் பொருந்தாது. இன்னொன்றும் உண்டு. தாம்பத்ய உறவிலும் ஆக்ஸிடோசின் சுரக்கத்தான் செய்கிறது. சிக்கல் இல்லாத கர்ப்பத்தில் அதற்குத் தடை சொல்லாத டாக்டர் பாலுக்கு மட்டும் தடை சொன்னால், ஏன் என்று கேட்கலாம். வெட்கப்பட ஒன்றுமில்லை.

பால் கொடுக்கும்போது அடிவயிறு லேசாக இறுகுவது பலருக்கு நடக்கும். கொடுத்து முடித்ததும் தளர்ந்துவிட்டால் கவலை வேண்டாம். தளராமல் விட்டுவிட்டு வந்துகொண்டே இருந்தால், அல்லது ரத்தம் பட்டால், நீர் கசிந்தால், அன்றைக்கே ஆஸ்பத்திரி.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன? ஆரோக்கியமான பெண்களிடம் கர்ப்பகாலப் பாலூட்டலால் கருச்சிதைவோ குறைப்பிரசவமோ கூடியதாகத் தெரியவில்லை என்பதே 2017இல் வந்த ஒரு தொகுப்பாய்வின் முடிவு. கர்ப்பம் சீராக இருந்து தாயும் நலமாக இருந்தால், தொடர்வதா வேண்டாமா என்பது அந்தப் பெண்ணின் சொந்த முடிவு என்கிறது அமெரிக்கக் குடும்ப மருத்துவர்கள் சங்கம். இதோடு நிறுத்தியிருந்தால் நானும் கிண்ணத்தை எடுத்துக் கவிழ்த்திருப்பேன். ஆனால் நுணுக்கம் இருக்கிறது. 2019இல் அமெரிக்கத் தரவுகளை வைத்து வந்த ஓர் ஆய்வு, கைக்குழந்தைக்கு வேறு உணவே இல்லாமல் தாய்ப்பால் மட்டும் கொடுத்துக்கொண்டிருந்தபோது கருத்தரித்தவர்களிடம் கருச்சிதைவு கூடுதலாக இருந்ததாகச் சொன்னது. திட உணவோடு சேர்த்துப் பால் கொடுத்தவர்களிடம் அந்த வித்தியாசம் இல்லை. பாலூட்டல்தான் காரணமா, குழந்தை பிறந்த சில மாதத்துக்குள் மறுபடி உண்டானது காரணமா என்று இதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. ஆனாலும் மூன்று மாதக் குழந்தையை வைத்துக்கொண்டு உண்டானவளும் இரண்டு வயதுக் குழந்தையை வைத்துக்கொண்டு உண்டானவளும் ஒரே கணக்கில் வரமாட்டார்கள் என்பது தெரிகிறது.

எனக்கு இதில் முக்கியமாகப் பட்டது குவாத்தமாலாவின் கிராமங்களில் நடந்து 1990இல் வெளிவந்த ஆய்வு. அங்கே கர்ப்பமும் பாலூட்டலும் ஒன்றின்மேல் ஒன்று விழுவது சர்வ சாதாரணம். அப்படிப்பட்ட பெண்கள் ஆய்வில் கொடுத்த சத்துணவை அதிகம் சாப்பிட்டார்கள். அப்படியும் அவர்கள் உடம்பின் கொழுப்புச் சேமிப்பு குறைந்திருந்தது. வயிற்றில் இருந்த குழந்தையின் வளர்ச்சியிலோ பெரிய அடி விழவில்லை. துருக்கியில் 2014இல் வந்த ஒரு ஆய்விலும் இதே சாயல்: பிரசவத்தில் சிக்கல் கூடவில்லை, ஆனால் பால் கொடுத்துவந்த கர்ப்பிணிகளின் எடை ஏற்றமும் ஹீமோகுளோபினும் குறைவு. வயிற்றுப் பிள்ளைக்கும் மடிப் பிள்ளைக்கும் போக மீதியில் அம்மா வாழ்கிறாள். மூத்தது தேறுமா, இளையது தேறுமா என்று வீடே பேசும்போது, தேய்கிற மூன்றாவது ஆளைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. சவலை என்ற சொல்லைப் பிள்ளைக்கு வைத்தோம், அம்மாவின் மெலிவுக்குச் சொல்லே வைக்கவில்லை.

கணக்காகவே பார்க்கலாம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020 பரிந்துரைப்படி கர்ப்பிணிக்கு நாளொன்றுக்குக் கூடுதலாக 350 கலோரி வேண்டும். ஆறு மாதத்துக்கு மேல் ஒரு வயதுக்குள் இருக்கும் குழந்தைக்குப் பால் கொடுப்பவளுக்குக் கூடுதலாக 520. குழந்தை வளர்ந்து, பாலும் குறைந்துவிட்டால் இந்த இரண்டாவது கணக்கு இறங்கும். 350 கலோரி என்பது ஏறக்குறைய மூன்று இட்லி, ஒரு முட்டை, ஒரு டம்ளர் பால். கேட்க எளிதாக இருக்கும். மசக்கையில் தண்ணீர்கூட நிற்காத வாரங்களில் அந்த மூன்று இட்லி மலை. மேலும், இந்தியக் கர்ப்பிணிகளில் 52.2 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்கிறது 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு. பாதிப் பேர் தொடங்கும்போதே கடனில்தான் தொடங்குகிறார்கள். ஆகவே 'பால் கொடுக்கலாமா?' என்று கேட்கும் முன் 'ஹீமோகுளோபின் எவ்வளவு?' என்று கேட்பதே நல்லது. சுகாதார நிலையத்தில் கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரையைக் காபி, டீயோடு போடாமல், கால்சியம் மாத்திரையோடு சேர்க்காமல் தனி நேரத்தில் போடவேண்டும். அங்கன்வாடி சத்துமாவு கர்ப்பிணிக்கும் உண்டு, பாலூட்டும் தாய்க்கும் உண்டு. வாங்கி வந்து மூத்த பிள்ளைக்கு மட்டும் உருண்டை பிடித்துக் கொடுத்துவிட்டுச் சும்மா இருக்கும் அம்மாக்களை நான் பார்த்திருக்கிறேன்.

மூத்த குழந்தையின் வயதுதான் அடுத்த கேள்வி. ஆறு மாதம்கூட ஆகவில்லையென்றால் அதற்குத் தாய்ப்பாலே முழு உணவு. பால் குறையும்போது வேறு பாலுக்கு ஏற்பாடு செய்தே ஆகவேண்டும், எடையை அடிக்கடி பார்க்கவேண்டும், குழந்தை டாக்டரின் கண்காணிப்பு இல்லாமல் இதைச் செய்யக்கூடாது. ஆறு மாதத்திலிருந்து ஒரு வயது வரை திட உணவு உண்டு என்றாலும் பாலின் இடம் பெரிது. தாய்ப்பால் கிடைக்காத இந்த வயதுக் குழந்தைக்குப் பால்மாவோ விலங்குப் பாலோ கொடுக்கலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2023 வழிகாட்டி. ஒரு வயது தாண்டினால் பாதிப் பாரம் இறங்கியது. பருப்புச் சாதம், முட்டை, மீன், கீரை, வேர்க்கடலைப் பொடி என்று வீட்டுச் சாப்பாடு ஒழுங்காகப் போனால், அம்மாவின் பால் குறைந்தாலும் சவலை பாயாது. சந்தேகம் இருந்தால் அங்கன்வாடியில் மாதாமாதம் எடை போட்டு வளர்ச்சி அட்டையில் கோடு ஏறுகிறதா என்று பாருங்கள். கோடு படுத்துவிட்டால் அதுதான் எச்சரிக்கை மணி.

நிறுத்தியே ஆகவேண்டியவர்களும் இருக்கிறார்கள். முன்பு குறைப்பிரசவம் ஆனவர்கள், இப்போது ரத்தப்போக்கு இருப்பவர்கள், வயிற்றில் இரட்டை, கருப்பை வாயின் நீளம் குறைந்திருப்பதாகச் சொல்லித் தையல் போட்டவர்கள், தாம்பத்யம் வேண்டாம் என்று அறிவுறுத்தப்பட்டவர்கள், எடை ஏறாமல் இறங்கிக்கொண்டே போகிறவர்கள். இவர்களிடம் டாக்டர் நிறுத்தச் சொன்னால் வாதாட இடமில்லை. டாக்டர் எதுவும் சொல்லாமலேயே நிறுத்த விரும்புகிறவர்களும் உண்டு. கர்ப்பத்தில் காம்பு அவ்வளவு வலிக்கும், குழந்தை வாய் வைத்தாலே உடம்பெல்லாம் எரிச்சல் வரும் என்று சொல்பவர்கள் நிறையப் பேர். பிடிக்கவில்லை என்பதே நிறுத்தப் போதுமான காரணம்தான்.

நிறுத்துவதானால் ஒரே நாளில் வெட்டிவிட வேண்டாம். பால் கட்டிக்கொண்டு காய்ச்சல் வரும், குழந்தைக்கும் அதிர்ச்சி. மத்தியானப் பாலை முதலில் விட்டு, சில நாள் கழித்துக் காலைப் பாலை விட்டு, தூங்கப் போகும் நேரத்துப் பாலைக் கடைசியாக வைத்துக்கொள்ளலாம். அது அப்பாவோ ஆயாவோ தட்டித் தூங்கவைக்கப் பழகும் நேரமும்கூட. கடையில் மாத்திரை கேட்டு வாங்கிப் பாலை நிறுத்தும் வேலை கர்ப்பிணிக்கு ஆகவே ஆகாது.

பிரசவம் வரை தொடர்ந்தவர்களுக்கு ஒரு பயம் உண்டு: சீம்பாலையெல்லாம் மூத்தது குடித்துத் தீர்த்துவிட்டால் சின்னதுக்கு? தீராது. நஞ்சுக்கொடி விழுந்ததும் புரொஜெஸ்டிரோன் சரசரவென்று இறங்கி, பால் புதிதாகச் சுரக்கத் தொடங்கும், சில நாளில் பெருகும். முதல் உரிமை மட்டும் புதுக்குழந்தைக்கு. சின்னது குடித்து முடித்த பிறகே பெரியது. பெரு நாட்டில் 2002இல் வந்த ஆய்வு ஒன்றில், கர்ப்பத்தின் கடைசி மாதங்கள் வரை மூத்ததுக்குப் பால் கொடுத்தவர்களின் புதுக்குழந்தைகள் சற்றுக் குறைவாகவே பால் குடித்ததும், முதல் மாத எடை குறைவாக ஏறியதும் தெரியவந்தது. ஆகவே முதல் சில வாரம் தராசை நம்புங்கள்.

கடைசியாக, பலர் 'பால் கொடுக்கும்வரை நிற்காது' என்று இருந்துவிட்டு மாட்டிக்கொள்வதால் ஒரு வரி. அந்தப் பாதுகாப்பு 98 சதவீதம் பலிப்பதற்கு மூன்றும் ஒன்றாக இருக்கவேண்டும்: குழந்தைக்கு ஆறு மாதம் ஆகியிருக்கக்கூடாது, தாய்ப்பால் மட்டுமே கொடுத்திருக்கவேண்டும், தீட்டு திரும்பியிருக்கக்கூடாது. முதல் தீட்டு வரும் முன்பே கரு தரிப்பதும் உண்டு. ஒரு பிரசவத்துக்கும் அடுத்துக் கருத்தரிக்க முயல்வதற்கும் நடுவே 24 மாதமாவது இடைவெளி விடச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம்.

தங்கை ஏழாம் மாதம் வரை கொடுத்தாள். அதற்குள் மூத்தவளே ராத்திரி ஒரு தடவைக்குக் குறைத்துக்கொண்டாள், அப்புறம் அதுவும் இரண்டு நாளைக்கு ஒரு முறை என்றாகி, எந்த நாள் கடைசி என்று தங்கைக்கே நினைவில்லை. வேப்பெண்ணெய்க் கிண்ணத்தை அப்பத்தா வாசல் விளக்குக்கு எடுத்துக்கொண்டார். இளையவன் பிறந்து மூன்றாம் நாள், பால் கட்டிக்கொண்டு தங்கை முனகிக்கொண்டிருந்தபோது, பெரியவளை இழுத்து மடியில் விட்டவரும் அப்பத்தாதான். "சும்மா ரெண்டு வாய் குடிடி, ஒங்கம்மாவுக்கு வலி குறையட்டும்." அவள் வாய் வைத்துப் பார்த்துவிட்டு, ஆச்சரியத்தோடு நிமிர்ந்து சொன்னாள்: "இருக்கு!"